இளங்கவிஞன் ஒருவனும் அவனைப் பாடிய புலவரும்

(சங்கத்தின் இலக்கிய வகுப்பில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இறந்துபட்டவரை எண்ணிப் புலவர் பாடும் பாட்டுக்கு எம் இலக்கணத்தார் கையறுநிலை என்று பெயரிட்டனர். அங்கே பாடப்படுபவன் பெரும்பாலும் கொடுத்தவன், பாடுபவன் பெற்றவன். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளோ அதற்கு நேர்மாறானது. யாருக்கும் எதுவும் கொடுக்க வகையில்லாதவனாய், தான் கேட்டதும் கிடைக்கப்பெறாதவனாய், பதினேழு வயதும் ஒன்பது மாதமும் வாழ்ந்து மறைந்தான் ஒரு சிறுவன். அவனைக் கண்ணாற் கண்டறியாத பெரும்புலவர் நால்வர், ஒருவர்பின் ஒருவராக, அவனைத் தம் பாட்டில் ஏற்றினர். அந்நால்வரும் கோல்றிஜ், வேட்ஸ்வேத், கீற்ஸ், ஷெல்லி என்போர். சிறுவன் பெயர் தோமஸ் சாட்டர்டன்.

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்த எம் இளைஞர் பலர் அந்நால்வரையும் அறிவர். சாட்டர்டனைப் பெயரளவில் அறிந்தோரே மிகுதி. ஆகவே அவன் கதையை முதலிற் சிறிது விரித்துச் சொல்லல் வேண்டும்.

இங்கிலாந்தின் மேற்குக் கரையிலுள்ள பிறிஸ்டல் ஒரு துறைமுகப் பட்டினம், வியாபாரிகளின் ஊர். அங்கே 1752 ஆம் ஆண்டு நவம்பர் 20 ஆந் திகதி சாட்டர்டன் பிறந்தான். தந்தையார் தருமப் பள்ளிக்கூடமொன்றின் ஆசிரியர்; சங்கீதம் வல்லவர்; பழம்பொருள்களில் ஆசையுடையவர். மகன் பிறப்பதற்கு மூன்று மாதம் முன்னரே அவர் காலமானார். கைம்பெண்ணாகிய தாய், சிறு பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லியும் தையல் வேலை செய்தும், மகள் மேரியையும் மகனையும் வளர்த்தாள்.

அவர்கள் வீட்டருகே புனித மேரி றெட்கிளிவ் என்னும் பெரிய தேவாலயம் உண்டு. அதிலே மணி அடித்தல், சவக்குழி பார்த்தல் முதலிய ஊழியங்கள் தலைமுறை தலைமுறையாக அக்குடும்பத்தார் கையில் இருந்தன. தேவாலயத்தின் வடக்கு வாயிலுக்கு மேலே ஓர் அறை. அவ்வறையிற் பழைய பெட்டகங்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் அவ்வூர் நகரபதியாயிருந்த வில்லியம் கனிங் என்பவர் பெயரால் வழங்கிய பெட்டகம் ஒன்றுக்கு ஆறு பூட்டுகள். ஏறக்குறைய 1727 இல், திறப்புகள் தொலைந்துபோனமையால் அதனை உடைத்துத் திறந்தார்கள். வேண்டிய உறுதிகளை எடுத்துக்கொண்டு மிகுதியை அப்படியே விட்டுவிட்டார்கள். சாட்டர்டனின் தந்தையார் அத்தோற்சுவடிகளைக் கட்டுக்கட்டாக வீட்டுக்குக் கொணர்ந்து மாணவரின் புத்தகங்களுக்கு உறை போட்டார். அவருக்குப்பின் தாயார் தையல் மாதிரி வெட்டவும் நூல் சுற்றவும் அவற்றைப் பயன்படுத்தினார். பழஞ்சுவடி படும் பாடு எந்நாட்டிலும் ஒன்றுதான் போலும்!

சிறுவன் முதலில் மந்தபுத்தியுள்ளவன் என்று பள்ளிக்கூடத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவன். ஒருநாள் தாய் கிழித்துக்கொண்டிருந்த பழைய பிரெஞ்சுச் சங்கீதப் புத்தகத்தின் வண்ணந்தீட்டிய பெரிய எழுத்துகளைக் கண்டு அவற்றில் மயங்கினான். எழுத்தறிந்தது அதிலே, வாசிக்கப் பழகியது பழைய தடித்த எழுத்தில் அச்சிட்ட விவிலியத்திலே. ஆகையால் புது எழுத்துக்கு முன்னரே பழைய எழுத்து அவன் கண்ணிற் படிந்துவிட்டது. தாய் நூல் சுற்றிய தோற்சுவடியைக் கண்டபோது, தனக்கு ஒரு நிதி கிடைத்ததெனத் துள்ளி, வீட்டிலுள்ளவற்றையெல்லாம் திரட்டிக்கொண்டு மேல்மாடத்து அறையொன்றிற் புகுந்துகொண்டான்.

ஏழு வயது கடந்து 1760 இல் கோல்ஸ்டன் தருமசாலைப் பள்ளியிற் சேர்த்தார்கள். நீலச் சட்டை, வாசிப்பு, எழுத்து, கணக்கு, சமயபாடம், வேறொன்றும் இல்லை. இலத்தீன் இல்லை, கிரேக்கம் இல்லை. 1767 இல், பதினான்காம் வயதில், ஜோன் லம்பேட் என்னும் பிரக்கிராசியின் கந்தோரில் எழுத்துவேலை பழக ஒப்பந்தஞ் செய்துவிட்டார்கள். காலை எட்டு மணிமுதல் இரவு எட்டு மணிவரை கந்தோர். உணவு வேலைக்காரரோடு; படுக்கை ஏவற்பையனோடு. கந்தோரில் உறுதி எழுதும் வேலை அதிகமில்லை. எஞ்சிய நேரத்திற் பையன் பாட்டெழுதினான். எசமானார் காணுந்தோறும் அப்பாட்டுகளைக் கிழித்தெறிந்தார்.

அவன் எழுதியவை தன்பெயரால் எழுதிய பாட்டுகள் மாத்திரம் அல்ல. இங்கேதான் அவன் கதையின் சிக்கல் இருக்கின்றது. பதினைந்தாம் நூற்றாண்டில் தோமஸ் றௌலி என்றொரு குருவானவர் பிறிஸ்டலில் வாழ்ந்தார் என்றும், அவர் நகரபதி கனிங்கின் நண்பர் என்றும், பெட்டகத்திற் கிடைத்தவை அவர் பாடல்கள் என்றும் சொல்லி, தானே ஒரு புலவரைப் படைத்து, அவர் வாக்காகத் தானே பாடினான். கனிங் மெய்யாக வாழ்ந்தவர். றௌலி முழுக்கக் கற்பனை. பழைய அகராதிகளிலும் சோசர் பதிப்பின் அரும்பதத்திலும் சொற்களைப் பொறுக்கி, பழைய எழுத்துக்கூட்டல் போலத் தோன்றுமாறு எழுதினான். தோலேட்டுக்கு மஞ்சட் காவி பூசி, விளக்கிற் காட்டிப் பழமையும் ஏற்றினான் என்பர்.

இதனைக் கள்ளத்தனம் என்று கூறி முடித்துவிடலாம். கள்ளத்தனந்தான், அதனை மறைத்தல் நன்றன்று. ஆனால் நாம் சற்று நின்று நோக்கினால் இன்னொன்றும் புலனாகும். தந்தையின் முகத்தைக் காணாத பிள்ளை, தன்னை மதிக்காத ஊரில், முந்நூறு ஆண்டு பின்சென்று, புலவனை மதிக்கும் ஊரொன்றைத் தன் மனத்திற் கட்டிக்கொண்டான். அவ்வூரிலே செல்வனாகிய கனிங் புலவனாகிய றௌலியை வீட்டுக்கு அழைத்து, பாட்டுக்குப் பொருள் கொடுத்து, கூட இருந்து பேசுகின்றார். தனக்கு இல்லாத புரவலரையும் பெரியவரையும் தானே எழுதிப் படைத்துக்கொண்ட பிள்ளை அவன்.

1768 இல் பிறிஸ்டலிற் புதிய பாலம் திறந்தார்கள். அப்போது, பழைய பாலத்தை முற்காலத்து நகரபதி முதன்முதற் கடந்த வைபவத்தின் வருணனை ஒன்று ஊர்ப் பத்திரிகையில் வெளிவந்தது. கொடுத்தவன் இவன். உள்ளூர்ப் பெரியோர், அவருள்ளும் சத்திரவைத்தியர் பாரெற், ஈயப்பாத்திர வியாபாரி கற்கொட் ஆகியோர், வியந்து இவனைத் தேடிப்பிடித்தனர். பழைய ஏடு இன்னும் இருக்கின்றதா என்று கேட்டுக் கேட்டு வாங்கினர். சிறிது கைச்செலவு கொடுத்தனர். தங்கள் ஊர்ச் சரித்திரத்துக்கு ஆதாரம் கிடைத்ததென்ற மகிழ்ச்சி அவர்களுக்கு. கொண்டுவந்த கை பதினாறு வயதுப் பையனின் கை என்பதையோ, அக்கையே எழுதியிருக்கக் கூடும் என்பதையோ அவர்கள் எண்ணவில்லை.

1769 மார்ச்சில் ஹொரேஸ் வால்போல் என்னும் பிரபுக் குலத்து அறிஞருக்கு எழுதினான். இங்கிலாந்திற் சித்திரக்கலை எழுந்த வரலாறு பற்றி றௌலி எழுதியதாக ஒன்றையும் அனுப்பினான். வால்போல் மிக்க மரியாதையாய் மறுமொழி எழுதினார். அம்மரியாதையை நம்பிச் சிறுவன் தான் யார் என்பதைச் சொன்னான்: கைம்பெண்ணின் மகன்; பிரக்கிராசியின் எழுத்துவேலைக்காரன்; உதவி வேண்டுபவன். வால்போல் அப்பிரதிகளைக் கவிஞர் கிரே முதலியோரிடம் காட்டினார். அவர்கள் பழமையல்ல என்றனர். பிறகு வந்தது, தொழிலைக் கவனி என்ற புத்திமதி. பிரதிகளைத் திருப்பியனுப்பவும் மாதக்கணக்கிற் சென்றது.

வால்போலைக் கொலைகாரர் என்று ஏசியோர் பலர். அது அநீதி. சிறுவன் இறந்தது அதற்கு ஓராண்டுக்கு மேற்பட்ட காலத்தின் பின். அவரைச் சார்ந்தும் அன்று. அவர் சொன்ன புத்திமதியை எம்மிற் பெரியோர் எத்தனை பேர் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கின்றோம்! ஆனாற் சுவையான செய்தி ஒன்றுண்டு. அதற்குச் சில ஆண்டு முன்னர், 1764 இன் இறுதியில், வால்போல் தாம் எழுதிய ‘ஒற்றான்டோ மாளிகை’ என்னும் கதையைப் பழைய இத்தாலியப் பிரதியொன்றின் மொழிபெயர்ப்பு என்று சொல்லியே வெளியிட்டார். பிரபு செய்தால் விநோதம். கந்தோர்ப் பையன் செய்தால் மோசடி.

1770 ஏப்ரிலில் சாட்டர்டன் தன் மரணசாசனம் என்று ஒன்றை, பாதி விளையாட்டும் பாதி வினையுமாக, எழுதி வைத்தான். எசமானார் பயந்து ஒப்பந்தத்தை நீக்கிவிட்டார். அம்மாதம் 24 ஆந் திகதி இலண்டனுக்குப் புறப்பட்டான். அங்கே நான்கு மாதம். சஞ்சிகைகளுக்கு எழுதினான், அரசியற் கடிதம், நையாண்டி, கதை, பாட்டு, எது கேட்டாலும் எழுதினான். அச்சிட்டவர் பலர், காசு கொடுத்தவர் சிலர். இசைநாடகம் ஒன்றுக்கு ஜூலை மாதத்தில் ஐந்து பவுண் ஐந்து சிலிங் கிடைத்தது. கிடைத்தவுடன் தாய்க்கும் தமக்கைக்கும் பீங்கானும் விசிறியும் வாங்கி அனுப்பினான். வீட்டுக்கு எழுதிய கடிதமெல்லாம் தான் பெரிய மனிதனாகிவிட்டான் என்ற பேச்சு. வெளியூர் சென்ற எம் பிள்ளைகள் எழுதும் கடிதங்களை வாசித்த தாய்மாருக்கு இது விளங்கும்.

பின் காசு வரவில்லை. ஓகஸ்டில் புறூக் வீதியில் ஆடை தைக்கும் ஒரு பெண்மணியின் வீட்டு மேல்மாடத்தில் இருந்தான். வீட்டுக்காரியும் அயலிலிருந்த மருந்துக்கடைக்காரரும் அவன் பட்டினி கண்டு உண்ண அழைத்தனர் என்றும், பசியில்லை என்று மறுத்துவிட்டான் என்றும் சொல்லப்படுகின்றது. 1770 ஓகஸ்ட் 24 ஆந் திகதி இரவு நஞ்சுண்டு இறந்தான். அறையெங்கும் கிழித்த கடதாசி. பட்டினியும் மானமும் தூண்டத் தானே உயிரை விட்டான் என்பதே நெடுங்காலம் நிலவிய கொள்கை. மருந்தென்று உட்கொண்டது அளவு மிஞ்சியிருக்கலாம், தற்கொலையன்று என்று அண்மைக்காலத்து ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகின்றனர். எதுவாயினும், ஏழையர் விடுதியின் சவக்காலையிற் புதைத்தார்கள். அவ்விடத்திற் பின்னர் சந்தை கட்டினார்கள். கல்லறை என்று காட்ட ஒன்றும் இல்லை.

இனி, அவனைப் பாடியோருக்கு வருவோம்.

முதலில் நடந்தது பாட்டல்ல, வழக்கு. 1777 இல் தேவிற் என்னும் அறிஞர் றௌலி பாடல்களைப் பதிப்பித்தார். மறுவருடமே அவை சாட்டர்டன் இயற்றியவை என்று முடிவு கூறினார். எக்செற்றர் நகரத்துத் தலைமைக் குருவானவர் மைல்ஸோ 1782 இல் பெரும்புத்தகம் போட்டு, றௌலியே எழுதினார் என்று சாதித்தார். படியாத பையன் இத்துணை எழுத முடியாது என்பதே அவர்கள் வாதத்தின் உயிர். செத்தவனுக்கு இதைவிடப் பெரிய புகழ் யார் சொல்ல முடியும்? வழக்கின் மற்றைப் பகுதிகளை விட்டுவிடுவோம்; இன்று அதனை நம்புவார் எவருமிலர்.

கோல்றிஜ் 1772 இற் பிறந்தவர். ஒன்பது வயது நிரம்புமுன் தந்தையை இழந்து, இலண்டனிலே கிறைஸ்ற்ஸ் ஹொஸ்பிற்றல் என்னும் தருமப் பள்ளியிற் சேர்க்கப்பட்டார். அங்கும் நீலச் சட்டை. தந்தையில்லாத நீலச்சட்டைப் பிள்ளையொன்று, தந்தையில்லாத மற்றொரு நீலச்சட்டைப் பிள்ளையின் சாவைப் பாடத் தொடங்கியது என்றால் அதிற் செயற்கை இருக்க முடியாது. ஆனாற் பாட்டு நல்ல பாட்டா என்று கேட்டால், இல்லை என்றே சொல்வோம். ‘சாட்டர்டன் மரணத்தின்மீது புலம்பல்’ என்னும் அப்பாட்டுக்குப் பள்ளிப்பருவத்தில் அடியிட்டார். 1794 இல் அச்சிற் கொடுத்தார். 1796 இல் திருத்தினார். 1834 இல் இறக்கும்வரை திருத்திக்கொண்டேயிருந்தார். முடிவிலும் அது முற்றவில்லை. வானை விளித்தலும் சாவை விளித்தலுமாய் ஆரவாரம் மிகுதி.

ஆயினும் ஓரிடம் எம்மை நிறுத்துகின்றது. 1794 அளவிற் கோல்றிஜும் நண்பர் சதேயும் அமெரிக்காவுக்குச் சென்று, சஸ்குவெஹானா ஆற்றங்கரையில், பொருளெல்லாம் பொதுவாக வைத்து வாழும் குடியேற்றம் ஒன்று அமைக்கத் திட்டமிட்டனர். இளைஞர் திட்டம், கைகூடவில்லை. அத்திட்டக்காலத்திலே அப்பாட்டிற் சில அடிகள் சேர்த்தார். இறந்த சிறுவன் உயிரோடிருந்தால் அவனையும் தம்மோடு அவ்வாற்றங்கரைக்கு அழைத்துச் சென்றிருப்போம் என்ற கருத்து அங்கே வருகின்றது. இருபத்துநான்கு ஆண்டுக்கு முன் செத்த பிள்ளைக்கு, இன்னும் கட்டாத ஊரில் ஒரு குடிசை ஒதுக்கி வைத்தார்! பாட்டுத் தளர்ந்தாலும் மனம் தளரவில்லை.

1795 ஒக்ரோபர் 4 ஆந் திகதி கோல்றிஜ் திருமணஞ் செய்துகொண்ட இடம் அதே றெட்கிளிவ் தேவாலயம். மறுமாதம் சதேயும் மணப்பெண்ணின் தங்கையை அங்கேயே மணந்தார். வேறொரு செய்தி: அந்த ஒக்ரோபர் 31 இல் இலண்டனிற் பிறந்த குழந்தைதான் கீற்ஸ். காலம் இப்படித் தானே எதுகை போட்டுக்கொள்வதுண்டு.

சதேயை நாம் நால்வருள் எண்ணவில்லை. அவர் பாட்டால் அன்று, செயலால் இவ்வரலாற்றில் நிற்கின்றார். சாட்டர்டன் இறந்து எட்டு ஆண்டுக்குப்பின் ஹேபேட் குறொவ்ற் என்னும் கனவான் தாயையும் தமக்கையையும் கண்டு, சிறுவன் எழுதிய கடிதங்களைக் கைமாறாக வாங்கிச் சென்று, 1780 இல் தம் நூலொன்றிற் போட்டு வெளியிட்டுவிட்டார். ஏழைகள் இருவருக்கும் அதனால் வந்த பயன் சொற்பம். சதே 1799 இல் இதனைப் பகிரங்கப்படுத்தி எழுதினார். பின்னர் பிறிஸ்டல் புத்தக வெளியீட்டாளர் கொட்டிலும் அவரும் சேர்ந்து சாட்டர்டனின் எழுத்தெல்லாவற்றையும் 1803 இல் மூன்று பாகமாகப் பதிப்பித்து, வருவாயைத் தமக்கையாருக்குக் கொடுத்தனர். தாயார் அதற்கு முன்னரே போய்விட்டார். தமக்கையார் மறுவருடம் காலமானார். ஒரே ஒரு வருடம். ஆனாலும் அவ்வொரு வருடம் அவர் தம்பியின் பாட்டால் அடுப்பெரிந்தது. புலம்பல்கள் எல்லாவற்றையும் ஒரு தட்டிலும் அம்மூன்று பாகத்தையும் மறுதட்டிலும் வைத்தால் எது தாழும் என்பதைச் சபையோரே தீர்மானித்துக்கொள்ளலாம்.

வேட்ஸ்வேத் சாட்டர்டனுக்குக் கொடுத்த இடம் மிகச் சிறிது. ‘மனவுறுதியும் தன்னிலையும்’ என்னும் பொருள்பட்ட தலைப்புடைய பாட்டில் ஒரு செய்யுளின் சில அடிகளே. அப்பாட்டு 1802 இல் எழுதி, 1807 இல் வெளிவந்தது. அக்காலம் அவருக்கு முப்பத்திரண்டு வயது, திருமணம் நிச்சயமாகியிருந்தது, நிலையான வருவாய் இல்லை. பாட்டையே நம்பி வாழப்போகின்றோம், முடிவு என்னாகும் என்ற பயம் பிடித்துக்கொள்கின்றது. அப்போது அவர் நினைவுக்கு வந்தவர் இருவர். ஒருவர், ஏர் பிடித்த கவிஞர் பேண்ஸ். முப்பத்தேழு வயதிற் போனவர். மற்றவன் சாட்டர்டன். இருவரையும் நினைத்தபின் அச்சம் கூடுகின்றது. அவ்விடத்திற் பாட்டு முடிந்திருந்தால் அதுவும் ஒரு புலம்பலாயிருக்கும்.

முடியவில்லை. வெளியான மேட்டுநிலத்திலே, குளமொன்றின் ஓரத்தில், கோலூன்றி வளைந்த கிழவர் ஒருவர் நிற்கின்றார். வைத்தியருக்கு விற்க அட்டை பிடிப்பவர். இவர் கற்பனையல்லர். 1800 ஆம் ஆண்டு ஒக்ரோபரில் வேட்ஸ்வேத்தும் சகோதரி டொறதியும் வழியில் இக்கிழவரைக் கண்டதை டொறதியார் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கின்றார். மனைவியும் பத்துப் பிள்ளைகளும் இருந்த மனிதர், மனைவி இறந்துவிட்டாள், வண்டி மோதி உடல் நைந்தவர். முன்னர் நூறு அட்டை இரண்டரைச் சிலிங் விற்றது. கிடைப்பது அரிதாகி அப்போது முப்பது சிலிங் ஆயிற்றாம். பாட்டிலே புலவர் கிழவரிடம் என்ன தொழில், எப்படிச் சீவிக்கின்றீர் என்று கேட்கின்றார். கிழவர் அமைதியாக மறுமொழி சொல்கின்றார். புலவரின் மனம் தன் பயத்திலேயே மூழ்கிக் கிடக்கின்றமையால் சொன்னது காதில் ஏறவில்லை. மறுபடியும் அதே கேள்வியைக் கேட்கின்றார். கிழவர் சிரித்துக்கொண்டு மறுபடியும் சொல்கின்றார். அட்டை குறைந்துவிட்டது, ஆனாலும் தேடிக்கொண்டிருக்கின்றேன், கிடைக்கும் இடத்திற் பிடிக்கின்றேன்.

இறந்த இளைஞனை நினைத்துக் கலங்கியவருக்கு மறுமருந்தாக வேட்ஸ்வேத் வைத்தது தத்துவம் அன்று, தேவதூதரும் அன்று. தொழில் குறைந்தும் தொழிலை விடாத ஒரு கிழவர். எம் அபிப்பிராயத்தில், சாட்டர்டன் காரணமாகப் பிறந்த பாட்டுக்களில் இதுவே தலையாயது. இதன் யாப்பைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அதைச் சற்றுப் பின் வைப்போம்.

கீற்ஸ் இவர்களுள் மிக நெருங்கியவர். எட்டு வயதில் தந்தையையும் பதினான்கு வயதில் தாயையும் இழந்து, மருந்தும் சத்திரவைத்தியமும் பழக விடப்பட்டவர். 1815 இல், பத்தொன்பது இருபது வயதில், சாட்டர்டனை விளித்துப் பதினான்கடிப் பாட்டொன்று எழுதினார். அது பழகுகையின் பாட்டு. 1818 இல் ‘என்டிமியன்’ என்னும் நெடும்பாட்டை அச்சிட்டபோது, அதனைச் சாட்டர்டன் நினைவுக்கு உரிமையாக்கினார். பிரபு ஒருவர் பெயரை இட்டாற் காசு வரும் வழக்கமிருந்த நாட்டில், கல்லறையும் இல்லாத பையன் பெயரை இட்டார்.

கீற்ஸ் பெற்றது இரக்கம் மாத்திரம் அன்று, மொழி. 1819 செப்ரெம்பரில் வின்செஸ்டரில் இருந்தபோது ‘இலையுதிர் காலத்துக்கு’ என்னும் பாட்டை எழுதினார். இரண்டு நாட்பின் நண்பர் றெனோல்ட்ஸுக்கு எழுதிய கடிதத்தில், இலையுதிர் காலமென்றாற் சாட்டர்டன் நினைவே தமக்கு வருகின்றது என்ற கருத்தை எழுதினார். ஆங்கில மொழியைக் கலப்பின்றி எழுதியவன் அவனே என்றும் மதித்தார். மில்ரனைப் பின்பற்றித் தாம் எழுதிவந்த ‘ஹைப்பீரியன்’ காவியத்தைக் கைவிட்டதும் அப்போதுதான். சாட்டர்டனின் ‘ஏலா’ நாடகத்தில் இலையுதிர் காலத்தைப் பாடும் ஒரு பாணன் பாட்டு உண்டு. கீற்ஸின் பாட்டிலே அதன் சாயலை ஆராய்ச்சியாளர் காட்டுவர். அகராதியிற் பொறுக்கிய சொல்லால் ஒரு பையன் கட்டிய பொய்ம்மொழி, அம்மொழியின் பெரும்புலவர் ஒருவருக்குத் தூய்மையின் உரைகல்லாயிற்று! மொழித்தூய்மை பேசும் எம்மவர் இதனை எவ்விதம் கொள்வார்களோ அறியோம்.

கீற்ஸ் 1821 பெப்ரவரி 23 இல் றோமாபுரியில், சயரோகத்தால், இருபத்தைந்தாம் வயதில் இறந்தார். பீசா நகரிலிருந்த ஷெல்லி, அவரோடு அதிகம் பழகாதவர், ‘அடொனேய்ஸ்’ என்னும் ஐம்பத்தைந்து செய்யுட் புலம்பலைப் பாடினார். ‘என்டிமியன்’ மீது ஒரு சஞ்சிகை எழுதிய கடுமையான மதிப்புரையே கீற்ஸைக் கொன்றது என ஷெல்லி நம்பினார். அது பிழை, கொன்றது நோய். ஆயினும் அக்கோபத்தினாற் பாட்டு எழுந்தது. இறந்த கீற்ஸ் மேலுலகில் ஏறும்போது, ஆற்றல் முதிருமுன் மாண்டோர் எழுந்து வரவேற்கின்றனர். அவருள் போர்க்காயத்தால் மடிந்த சிட்னியும், நீரோ மன்னன் கட்டளையால் உயிர்விட்ட உரோமக் கவிஞர் லூக்கனும் உளர். அவர்களுக்கு முன்னே பெயர் சொல்லப்படுபவன் சாட்டர்டன். கீற்ஸ் தம் நூலை அவனுக்குக் கொடுத்தார். மூன்றாண்டுபின் ஷெல்லி அவனையே கீற்ஸை எதிர்கொள்ள அனுப்பினார். மறுவருடம் 1822 ஜூலை 8 இல் ஷெல்லியே கடலில் மூழ்கி இறந்தார். கரையில் ஒதுங்கிய உடலின் சட்டைப் பையிற் கீற்ஸின் நூல் இருந்தது.

இவ்விடத்திலே எம் இளைஞருக்கு ஒரு வார்த்தை. இப்பாட்டுக்களை ஒருங்கே வாசிப்பவர்க்கு, கவிஞன் என்றால் இளமையிலே சாகவேண்டும், பட்டினி கிடக்கவேண்டும் என்றொரு மயக்கம் பிறக்கும். பிறக்கும்படி செய்தோரும் உளர். பிரான்சு தேசத்து வின்யி 1835 இல் ‘சாட்டர்டன்’ என்று நாடகம் எழுதி அரங்கேற்றினார். பரிசு நகரத்து வாலிபர் கண்ணீர் விட்டனர். 1856 இல் ஹென்றி வாலிஸ் என்னும் ஓவியர் அவன் மரணப்படுக்கையைத் தீட்டினார். மிக அழகிய படம். இலண்டனில் இன்றும் இருக்கின்றது. சிவந்த தலைமயிர், நீலக் காற்சட்டை, பலகணியில் விடியல். அதற்குப் படுத்துக் காட்டியவர் ஜோர்ஜ் மெறடித் என்ற இளங்கவிஞர். அவர் எண்பது வயது கடந்து வாழ்ந்தார். படத்திற் சாவு அழகாயிருப்பது, படுத்திருந்தவர் எழுந்து சாப்பிடப் போனமையால்.

மெய்யான அறையில் அழகு இருக்கவில்லை. அங்கே இருந்தது பசித்த பிள்ளை ஒன்று. அவனுக்குப் பதினெட்டாவது வயது நிரம்பியிருந்தால் என்ன எழுதியிருப்பான் என்பதை அறிய எந்தப் புலம்பலும் உதவாது. அயலார் அழைத்தபோது உண்ணப் போயிருக்கலாம். தாய்க்கு ஒரு கடிதம் உண்மையாக எழுதியிருக்கலாம். எழுதத் தடுத்தது மானம். அம்மானத்தை வளர்த்தவர்கள், தாளைக் கிழித்த எசமானரும், ஏடு மாத்திரம் வேண்டி ஆளை நோக்காத ஊர்ப்பெரியோரும். ஆதலின் இவ்வார்த்தை இளைஞருக்கு மாத்திரம் அன்று.

யாப்பைப் பற்றிச் சொல்வதாக வைத்தோமல்லவா? சாட்டர்டன் இறப்பதற்குச் சில வாரம் முன், 1770 ஜூலையில், ஒரு சஞ்சிகைக்கு றௌலி பெயரால் ஒரு பாட்டு அனுப்பினான்; ‘ஈகையைப் பற்றிய சிறந்த கதைப்பாட்டு’ என்பது அதன் தலைப்பின் பொருள். வழிப்போக்கனாகிய ஏழை ஒருவன் கோடைப் புயலில் அகப்பட்டு மரத்தடியில் ஒதுங்குகின்றான். மடாதிபதி ஒருவர் பொன்னும் பட்டும் அணிந்து குதிரைமேல் வருகின்றார். ஏழை கைநீட்ட, ஏசிவிட்டுப் போகின்றார். பின்னர் எளிய துறவி ஒருவர் வருகின்றார். பையிலிருந்து ஒரு வெள்ளிக்காசு கொடுக்கின்றார். காசு போதாதென்று தம் மேலங்கியையும் கழற்றி ஏழையின் தோளிற் போர்த்துவிட்டு நடக்கின்றார். புயல் எழும் வருணனை ஒன்றே அவனைக் கவிஞன் என்று சொல்லப் போதும்.

சஞ்சிகையின் பத்திராதிபர் அப்பாட்டை ஏற்கவில்லை.

ஒவ்வொரு செய்யுளும் ஏழு அடி. ஈற்றடி மற்றையவற்றிலும் நீண்டது. முப்பத்திரண்டு ஆண்டு சென்றபின் வேட்ஸ்வேத், அட்டை பிடிக்கும் கிழவரைப் பாட அமர்ந்தபோது, ஏழு அடியும் நீண்ட ஈற்றடியுமாகிய அதே யாப்பை எடுத்துக்கொண்டார். அதிலே இருபது செய்யுள் எழுதினார். பெயரைச் சில அடிகளிலே சொன்னவர், நடையைப் பாட்டு முழுவதிலும் வைத்துக்கொண்டார். வாசிகசாலைக்குச் செல்லும் இளைஞர் அவ்விரண்டு பாட்டையும் அருகருகே வைத்து, உரத்து வாசித்துப் பார்ப்பாராக.